ஆயுளுக்கும் சிற்றாளா?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் எங்காவது ஒரு வீடு எழும்பிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்காரர் கையில் ஒரு நோட்டு இருக்கும். சிமென்ட் இத்தனை மூட்டை, செங்கல் இத்தனை லோடு, கம்பி இத்தனை கிலோ என்று வரவு வைத்துக்கொண்டு போகிற அதே பக்கத்தில் சனிக்கிழமை மாலை கூலிக் கணக்கும் ஏறும். கொத்தனார் 2. கையாள் 1. சித்தாள் 3. கொத்தனாரின் பெயர் வீட்டுக்காரருக்குத் தெரியும். வாஸ்து பார்த்த நாளிலிருந்து பழக்கம். கையாளையும் இரண்டாம் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். ‘சித்தாள் 3’ மட்டும் அப்படியே நிற்கும். அடுத்த வாரம் வேறு மூன்று பெண்கள் வந்தாலும் அந்த வரியில் ஓர் எழுத்தும் மாறாது.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். ஒரு சொல்லைப் பற்றி இத்தனை பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அந்தச் சொல்லின் பக்கத்தில்தான் கூலித்தொகை எழுதப்படுகிறது. தொகை குறைவதற்கான காரணமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பேச வேண்டும்.

சிறு என்பதோடு ஆள் சேர்ந்தால் சிற்றாள். பேச்சில் அது சித்தாள். சிற்றப்பன் சித்தப்பா ஆனதும், சிற்றெறும்பு சித்தெறும்பு ஆனதும் இதே வழிதான். நம் ஊர் ஆற்றின் பெயரும் அப்படிப் பிறந்ததே. சிறு, ஆறு: சிற்றாறு. குற்றாலத்தில் ஒரு அருவிக்கே சிற்றருவி என்று பெயர். ஆகவே ‘சிறு’ என்ற சொல்லின் மேல் நமக்குப் பகை கிடையாது. சித்தி என்று கூப்பிடும்போது யாரும் அவளைச் சிறுமைப்படுத்துவதில்லை. தாயை அடுத்த தாய் என்றுதான் நினைக்கிறோம். சிற்றாற்றையும் யாரும் தாழ்த்திப் பேசுவதில்லை. அந்தச் சிற்றாறுதான் மலையிலிருந்து இறங்கிப் பேரருவியாக விழுகிறது. தென்காசியைத் தொட்டுக்கொண்டு போய், வயலுக்கெல்லாம் பாய்ந்து, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியோடு கலக்கிறது. பெயரில் சிறிது, இறங்கும் இடத்தில் பெரிது. அந்த ஆற்றை அதன் பெயரை வைத்து நாம் அளக்கவில்லை.

பெண்ணை மட்டும் அளந்துவிட்டோம். குறை அங்கேதான் இருக்கிறது.

சிற்றாள் என்ற சொல்லின் அமைப்பைப் பார்த்தால் அது ஒரு பருவத்தைக் குறிப்பது. வயதில் சிறிய ஆள். தொழிலுக்குப் புதிதாக வந்த ஆள். கட்டட வேலைக்கு வரும் பையன் முதலில் செங்கல்தான் எடுத்துக் கொடுப்பான், கலவைதான் குழைப்பான். இரண்டு மூன்று வருடத்தில் மட்டம் பிடிக்கப் பழகுவான். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் சாய்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்வான். ஒருநாள் மூத்த கொத்தனார் தன் கரண்டியை அவன் கையில் கொடுத்து, “இந்த வரிசையை நீ கட்டுடே” என்பார். அன்றோடு அவன் வளர்ந்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை சிறியவனாக இருந்தது ஒரு படி. ஏறிப் போய்விட்டான்.

அதே களத்துக்கு அதே வயதில் வந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயதில் சித்தாளாக வந்தவள் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றி, ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்து நிற்கும்போதும் சித்தாள்தான். முப்பது வருடம் சுவர் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். கலவையில் மணல் கூடினால் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். கரண்டி மட்டும் அவள் கைக்கு வரவே இல்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஆணுக்குப் பருவமாக இருந்த சொல்லைப் பெண்ணுக்கு ஆயுளாக ஆக்கினோம். இந்தச் சொல் சுமக்கும் அநீதி இதுதான்.

களத்தில் மற்றவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொத்தனார் என்பதன் கடைசியில் மரியாதைக்குரிய ‘ஆர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொத்தன் என்று சொல்கிறவர்கள் குறைவு. மேஸ்திரி என்பது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஆசான், தலைவன் என்று பொருள். உதவிக்கு நிற்கும் ஆணைச் சில ஊர்களில் பெரியாள் என்கிறார்கள். தென்மாவட்டங்களில் நிமிந்தாள் என்ற வழக்கும் உண்டு. காதால் கேட்டால் நிமிர்ந்து நிற்கும் ஆள் என்றே படுகிறது. ஆசான், மரியாதைக்குரியவர், பெரியவர், நிமிர்ந்தவர் என்று வரிசையாக வந்து, பெண்ணிடம் வரும்போது மட்டும் சிறிய ஆள். ஒரே களம், ஒரே வெயில், ஒரே சாரம். பெயர் வைத்த கை மட்டும் ஓரவஞ்சகம் செய்திருக்கிறது.

தமிழில் மட்டும்தான் இப்படி என்று தலைகுனிய வேண்டியதும் இல்லை, ஆறுதல்பட்டுக்கொள்ளவும் கூடாது. மத்திய இந்தியாவின் இந்திப் பகுதிகளில் கட்டட வேலைக்கு வரும் பெண்ணை ‘ரேஜா’ என்கிறார்கள். பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்குத் துண்டு, துணுக்கு, பொடி என்று பொருள். ஆயிரம் மைல் தள்ளி, வேறொரு மொழியில், வேறொரு மூலத்திலிருந்து வந்த சொல்லும் அதே இடத்தில் வந்து அதே வேலையைச் செய்கிறது. சுமக்கிற பெண்ணைச் சிறியவள் என்று சொல்லிவிட்டால் சுமைக்குக் கொடுக்கும் காசையும் சிறிதாக்கிவிடலாம் என்ற கணக்கு எல்லா மொழிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தக் கணக்கைக் கிட்டே போய்ப் பார்ப்போம். காலை எட்டு மணிக்குத் தூக்குவாளியோடு வந்து இறங்குகிறாள். சேலையின் மேல் கணவனுடையதோ மகனுடையதோ ஒரு பழைய முழுக்கைச் சட்டை. துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டுகிறாள். மணல் சலிக்கிறாள், தண்ணீர் மொள்ளுகிறாள், முந்திய நாள் கட்டிய சுவரை நனைக்கிறாள். பிறகு செங்கல். ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ; தலையில் எட்டு அடுக்கினால் 24 கிலோ. அதோடு கைப்பிடி இல்லாத படிக்கட்டில் முதல் மாடிக்கு ஏற வேண்டும். கொத்தனார் ஒரு வரிசை முடித்துவிட்டு ஒரு நிமிடம் இடுப்பை நிமிர்த்தலாம். அவள் நின்றால் வேலை நின்றுவிடும், “கலவை எங்கட்டி?” என்று குரல் வரும். பெரும்பாலான வீட்டுக் களங்களில் பெண்கள் ஒதுங்க ஓரிடம் இருப்பதில்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். உச்சி வெயிலில் சுமை தூக்குகிறவள் தாகத்தை அடக்கிக்கொண்டு ஏறுகிறாள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்குக் காப்பிடம் வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். மூன்று பெண்கள் வேலை பார்க்கும் வீட்டில் அந்தக் காப்பிடம், பக்கத்து வேப்பமரத்தில் கட்டிய சேலைத் தொட்டில்தான்.

அப்படி ஒரு களத்தில், பாவூர்சத்திரத்துக்கு இந்தப் பக்கம், ஓர் அம்மாவிடம் பெயர் கேட்டோம். ஐம்பதைத் தாண்டிய வயது. கையிலிருந்த சிமென்ட் பிசுக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பேரு எதுக்கு அண்ணாச்சி? சித்தாளுன்னே போடுங்க. பேரன் பள்ளிக்கூடம் போறான். இன்னும் நான் சித்தாளுதான்.” சொல்லிவிட்டுச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் புகார் சொல்லவில்லை, கண் கலங்கவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் பேரனையும் சித்தாளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன அந்தச் சொல் நம்மை விட்டுப் போகவில்லை. பாட்டியான பிறகும் ஒருத்தி சிறிய ஆள் என்றால், அவள் பெரியவள் ஆவது எப்போது?

கூலிக்கு வருவோம். கொத்தனாருக்குக் கூடுதல் கூலி கிடைப்பதை நாம் குறை சொல்லவில்லை. அது கைத்திறனுக்கான கூலி. வருடக்கணக்கில் பழகிச் சம்பாதித்தது. கேள்வி அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. கையாளுக்கும் சித்தாளுக்கும் நடுவில் என்ன திறன் வேறுபாடு? இருவரும் சுமக்கிறார்கள், இருவரும் குழைக்கிறார்கள், இருவரும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனாலும் சனிக்கிழமை மாலை ஒருவர் கையில் கூடவும் ஒருவர் கையில் குறையவும் விழுகிறது. அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்ணின் வருமானம், ஆணுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே நிற்பதாக ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. ஏன் என்று கேட்டால், “அவங்களுக்கு லேசான வேலைதானே” என்பார்கள். 24 கிலோ தலையில் இருக்கும்போது அது லேசான வேலை என்று முடிவு செய்தது யார்? தராசு அப்படிச் சொல்லவில்லை, பெயர் சொன்னது. அரசின் மதிப்பீட்டுப் பட்டியல்களில்கூட ‘மஸ்தூர்’ எனப்படும் கூலியாளை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பது உண்டு. இரண்டாம் வகை என்றால் யார் என்று எந்தக் களத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 39-ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிறது. இதே கொள்கையை வைத்து 1951-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 1958-இல் உறுதிசெய்தது. சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. ஒரே வேலைக்கோ ஒரே தன்மையான வேலைக்கோ பெண் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘ஒரே தன்மையான வேலை’ என்ற சொற்கள் முக்கியம். பெயரை மாற்றி வைத்துக் கூலியைக் குறைக்கும் தந்திரத்தைச் சட்டம் எழுதியவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் எழும்பிய நேரம். கட்டடத் தொழிலாளர்களின் நிலையைச் சொல்லி மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு 7 ரூபாய்தான் கொடுக்கப்படுகிறது, மிச்சத்தை ஆள்பிடிக்கும் ஜமாதார்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மனுவில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. நீதிபதி பி.என். பகவதி தந்த தீர்ப்பு நம் நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு மைல்கல். வறுமையைப் பயன்படுத்திக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது தீர்ப்பு. விலங்கு போட்டால்தான் கொத்தடிமை என்பதில்லை; பசியும் விலங்குதான் என்று அதற்கு அர்த்தம். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பு டெல்லி மேம்பாலத்திலிருந்து நம் ஊர்ச் சாரம் வரை இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு சொல் மாறினால் வாழ்க்கையில் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில், கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். இவர்கள் தொழிலாளர்களே இல்லை, வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது என்று ஒருகாலத்தில் முதலாளிகள் வாதாடினார்கள். 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்புச் சொன்னது. இன்று அந்தப் பெண்ணிடம் ஒரு பாஸ் புத்தகம் இருக்கிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது. பீடித் தொழிலில் குறைகள் ஏராளம். புகையிலைத் தூள் நெஞ்சை அரிப்பதும் உண்மை. ஆனாலும் ‘தொழிலாளி’ என்ற சொல் அவளுக்கு வெறும் மரியாதையாக வரவில்லை. எண்ணாக, அட்டையாக, சேமிப்பாக வந்தது. அதே தெருவில், சில வீடுகளில் அதே கூரையின் கீழே, பீடி சுற்றும் தாய் தொழிலாளி. செங்கல் சுமக்கும் மகள் சித்தாள்.

கட்டட வேலைக்கும் சட்டம் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் இயற்றப்பட்டது. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் தொடர்ந்து போராடியதன் பலனாக, 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகப்பேறு உதவி, விபத்து இழப்பீடு, ஓய்வூதியம் என்று வாரியத்தில் பல உண்டு. அவற்றைப் பெற ஒருத்தி இந்த வேலை செய்கிறவள்தான் என்று யாராவது சான்று சொல்ல வேண்டும். ‘சித்தாள் 3’ என்று எழுதிய நோட்டு யாருக்கும் சான்று ஆகாது. சாரம் சரிந்து விழுந்தால், அன்று அவள் அந்தக் களத்தில் இருந்தாள் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டிய நிலை. பெயர் இல்லாத வரி வெறும் மரியாதைக் குறைவோடு முடிவதில்லை. உரிமையையும் அடைத்துவிடுகிறது.

எதிர்வாதங்களையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். அந்தப் பெண்களே ‘சித்தாள் வேலைக்குப் போறேன்’ என்று கூசாமல் சொல்கிறார்களே, பத்திரிகைக்காரர்களுக்கு என்ன வந்தது என்று ஒரு கேள்வி. உண்மைதான். உழைத்துச் சாப்பிடுகிறவளுக்குக் கூச்சம் எதற்கு? அவள் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று திருத்த நாம் யாரும் இல்லை. ஜெயகாந்தன் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்று ஒரு நாவலுக்குத் தலைப்பு வைத்தார். அந்தச் சொல் தமிழ் இலக்கியத்திலும் இடம்பிடித்துவிட்டது, அதை யாரும் அழிக்க வேண்டியதில்லை. அவள் வாயில் அது அவளுடைய தொழிலின் பெயர். கூலி கொடுக்கிறவன் வாயில் அது அவளுடைய விலை. நம் வழக்கு இரண்டாவதன் மேல்தான்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் கனமானது. பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது? துப்புரவுப் பணியாளர் என்பது 2020-இல் தூய்மைப் பணியாளர் ஆனது. பெயர் மாறியதை வரவேற்றோம். ஆனால் 2025 ஆகஸ்டில் அதே பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சென்னை ரிப்பன் மாளிகையின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்து தங்கள் வேலைக்காகப் போராட வேண்டியிருந்தது. அழகான பெயரைச் சூட்டிவிட்டுக் கூலியைப் பழையபடியே வைப்பது ஏமாற்று வேலை. ஆகவே சித்தாளுக்குப் பதிலாகப் பூப்போட்ட சொல் ஒன்றைத் தேடி நாம் அலையவில்லை. சொல் நம்மிடமே இருக்கிறது: கட்டடத் தொழிலாளி. தொழிலாளி என்றால் தொழிலை ஆள்கிறவர். அந்த ‘ஆள்’ இதிலும் இருக்கிறது. ‘சிறு’ மட்டும் போய்விட்டது. ஆணுக்கும் அதே சொல், பெண்ணுக்கும் அதே சொல், இருவருக்கும் அதே கூலி. கூலி மாறாமல் சொல் மட்டும் மாறினால் நாம் எழுதிய இந்தத் தலையங்கமும் வீண்.

கூலி என்ற சொல்லுக்கே இந்த மண்ணில் மரியாதை இருந்தது. முயற்சிக்குக் கிடைக்கும் பலனைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல் அது. உழைப்புக்கு உரிய பயனாக இருந்ததை, உழைக்கிற மனிதரை இழிக்கும் பெயராக்கியது பிற்காலம். கப்பலேறித் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் ‘கூலி’ என்றே அழைக்கப்பட்டார்கள். ஊதியத்தின் பெயரே ஆளின் பெயரானது, ஆளின் சொந்தப் பெயர் கணக்குப் புத்தகத்தில் தொலைந்தது. அந்த அவமானத்தை நினைத்து இன்றும் கொதிக்கிறோம். நம் வீட்டுக் கூலி நோட்டில் அதையே நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த ஊருக்கு இது அழகில்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தின் மேல் குறவஞ்சி பாடினார். அதில் வசந்தவல்லி என்ற சீமாட்டி இருக்கிறாள், குற்றாலநாதர் இருக்கிறார், பவனி இருக்கிறது. ஆனால் நூலின் பெயர் சீமாட்டியால் அமையவில்லை. ஊர் ஊராக நடந்து, குறி சொல்லி, தன் உழைப்பில் வாழும் குறத்தியால் அமைந்தது. கவிஞர் அவளுக்குச் சிங்கி என்று பெயரும் கொடுத்தார். மலைவளமும் நாட்டுவளமும் பேசும் வாயையும் அவளுக்கே கொடுத்தார். தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் இந்தக் கோயிலைக் காத்துப் பேணுகிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டு அரசன், முகம் தெரியாதவர்கள் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொண்டான். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற தூரத்தில் வீடு கட்டுகிற நாம், முகம் தெரிந்த பெண்ணைச் சிறியவள் என்று எழுதி அவள் கூலியை வெட்டுகிறோம்.

ஆகவே நம் தீர்ப்பைத் தயக்கமில்லாமல் சொல்கிறோம். ஒரே சுமைக்குப் பெண் கையில் குறைத்துக் கொடுப்பது திருட்டு. ஊர் வழக்கம், சந்தை நிலவரம், எல்லோரும் அப்படித்தான் என்று எந்தப் பெயர் வைத்தாலும் அது அவள் தலையிலிருந்து எடுத்த காசு. கோயிலுக்கு நன்கொடை எழுதுகிற கை, பால் காய்ச்சும் நாளில் நூறு பேருக்குச் சாப்பாடு போடுகிற கை, கட்டிய பெண்களின் கூலியில் பிடித்துக்கொண்டு கட்டிய வீட்டில் விளக்கேற்றினால் அந்த வீட்டுக் கணக்கு நேராகாது. முப்பது வருடம் வேலை பார்த்தவளுக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல், ‘அவளுக்குத் தொழில் தெரியாது’ என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது அதைவிடப் பெரிய தவறு.

இதில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. வீடு கட்டுகிறவர்கள் ஒப்பந்தம் பேசும்போதே கையாளுக்கும் சித்தாளுக்கும் ஒரே கூலி என்று எழுதிக்கொள்ள வேண்டும். மொத்த வீட்டுச் செலவில் அந்த வித்தியாசம் சிறிய பங்குதான். வேலை தொடங்கும் முன் பெண்களுக்கு ஒதுங்க மறைவிடம் ஒன்று அமைக்க வேண்டும். நான்கு தகரம் போதும். கொத்தனார்கள் தங்கள் களத்தில் ஒரு பெண்ணுக்காவது பூச்சும் கட்டும் கற்றுக்கொடுக்க வேண்டும். புளியரைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்களைக் குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, அவர்களே வீடு கட்டித்தரும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. மாவட்டத் தொழிலாளர் துறை, நல வாரியத்துக்குப் பெண்களே வரட்டும் என்று காத்திராமல், காலையில் அவர்கள் வேலைக்குக் கூடி நிற்கும் இடத்துக்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து அலுவலகத்தில் வரிசையில் நிற்க அவர்களால் ஆகாது.

பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு; நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். சுவர் இடிந்து விழுந்த செய்திகளில் ‘சித்தாள் பலி’ என்று நாமும் தலைப்பு வைத்திருக்கிறோம். இறந்தவருக்குப் பெயர் இருந்தது, வயது இருந்தது, தொழில் இருந்தது. இடம் போதாது என்று அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டோம். அது தவறு. இனி இந்தப் பத்திரிகை அவரைக் கட்டடத் தொழிலாளி என்றே எழுதும்.

கடைசியாக, படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ இப்போது வேலை நடந்துகொண்டிருக்கலாம். இந்தச் சனிக்கிழமை மாலை அந்த நோட்டைத் திறக்கும்போது ‘சித்தாள் 3’ என்று எழுதாதீர்கள். மூன்று பெண்களையும் கூப்பிட்டு ஒவ்வொருவர் பெயரையும் கேளுங்கள். பேரு எதுக்கு அண்ணாச்சி என்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கம்மா என்று கேட்டு எழுதுங்கள். மூன்று பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முடித்துவிட்டு, பக்கத்தில் தொகையை எழுதப் போகும்போது, மேலே கையாளின் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். அதே எண்ணை இங்கேயும் எழுதுங்கள்.